பனிமலையும் என் இரண்டு விரல்களும்

ஐம்பத்திரண்டு வயதில், நூற்றெண்பது கிலோ எடையுள்ள ஒரு ஜப்பானியரோடு என்னை ஒப்பிட்டு, நான் மெலிந்த மனிதன் என்ற முடிவுக்கு வந்தேன். எனக்குச் சலரோகம் (நீரிழிவு) கட்டுமீறிவிட்டது, எடையைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் அதற்கு முந்திய வாரம்தான் சொல்லியிருந்தார். இருவரில் நான் ஜப்பானியரை நம்பினேன்.

அவர் சுமோ மல்லர். புதிய நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடம் இருக்கும். நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில், ஏதோ ஒரு விளையாட்டுச் சனலில், பின்னேரங்களில் வருவார். தபால் பிரிக்கும் வேலையில் காலை ஷிப்ட் முடித்து நான் இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். மனைவி பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து வர நாலரை ஆகும். இடைப்பட்ட நேரம் எனக்கும் அவருக்கும் உரியது. அவருடைய மேடைப் பெயரை நானே தமிழாக்கி, பனிமலை என்று வைத்துக்கொண்டேன்.

ஜப்பானின் வடக்கே ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. பதினைந்து வயதில் மல்லர் கூடத்தில் சேர்ந்து, நிலம் கூட்டி, மூத்தவர்களின் முதுகு தேய்த்து, பத்து வருடத்தில் மேல்வரிசைக்கு ஏறியவர். காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி, மத்தியானம் மூச்சுமுட்டச் சாப்பாடு, உடனே நித்திரை. பயிற்சியைக் கழித்துவிட்டால், மற்றதெல்லாம் நானும் இருபது வருடமாகச் செய்துவந்ததுதான். அவருக்கும் சலரோகம் என்று வர்ணனையாளர் சொன்ன நாளில், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவரைக் கண்டதுபோல மகிழ்ந்தேன்.

பதினைந்து நாள் போட்டியில் எட்டு வெற்றி வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் இறக்கிவிடுவார்கள். காயத்தால் வராமல் நின்றாலும் தோல்விதான். ஆகவே பனிமலை முழங்காலிலும் கால்விரலிலும் வெள்ளை டேப் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு மண்மேடைக்கு வருவார். எங்கே நோகிறது என்று முகத்தில் காட்ட மாட்டார். காட்டினால் எதிராளி அங்கேயே பிடிப்பான்.

அந்தக் குளிர்காலத்தில், அவரைப் பார்த்தபடியே இடது காலைச் சுவர் ஹீற்றரில் வைத்திருக்கிறேன். சுட்டது தெரியவில்லை. சொக்ஸைக் கழற்றியபோது சின்னவிரலில் கொப்புளம். நோவே இல்லை. நோகாதது நல்ல அறிகுறி என்று நினைத்தேன். இதை வாசிப்பவர்களில் சலரோகம் உள்ளவர்கள் தயவுசெய்து அந்த வசனத்தைத் திருப்பிப் போட்டு வாசியுங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

பாமசியில் வெள்ளை டேப் வாங்கிச் சுற்றினேன். மனைவியிடம் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் விரல் நாவல்பழ நிறமானது. பிறகு ஒரு மணம் வந்தது. காலில் போடும் சப்பாத்தின் மேல் பழி போட்டு, அதை வாசலுக்கு வெளியே வைத்தேன். மணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். என் சாதகத்தில் சனி சரியில்லை என்று, நவக்கிரகத்தை ஒன்பது தரம் சுற்ற வைத்தாள் மனைவி. சொக்ஸைக் கழற்றிவிட்டுச் சுற்றினேன். ஏழாவது சுற்றில், பின்னால் வந்தவள் நின்றுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, நிலத்தைப் பாருங்கோ.”

வெள்ளைத் தரையில் மண்ணிறத் தடங்கள். இடது கால் மட்டும், சுற்றிச் சுற்றி.

“ஆரோ ஈரக் காலோட நடந்திருக்கினம்,” என்றேன்.

“உங்களுக்குப் பின்னால நான்தானே வாறன். எனக்கே கதை விடுறியள்?”

“இன்னும் ரெண்டு சுத்துத்தான் இருக்கு.”

“சனீஸ்வரன் கோவிக்க மாட்டார். காரில ஏறுங்கோ.”

ஆஸ்பத்திரியில் மலேசியத் தமிழ்ப் பெண் டொக்டர் ஒருவர் டேப்பைப் பிரித்தார். ஜன்னலைத் திறந்தார்.

“கண்ண மூடிக்குங்க அங்கிள். நைலான் இழையால பாதத்துல தொடுவேன். தொட்டா சொல்லுங்க.”

கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே நடைவழியில் ஒரு கட்டில் உருண்டு போனது. வெகுநேரம் கழித்து வெறுமையாகத் திரும்பி வந்தது.

“எப்ப தொடங்குவியள், டொக்டர்?”

“முடிச்சிட்டேன் அங்கிள்.”

நரம்புச் சிதைவு (நீண்டகாலச் சீனியால் பாதம் உணர்ச்சி இழப்பது) என்றார். அதன்மேல் கங்கிரீன் (இரத்தம் எட்டாமல் சதை உயிரோடிருக்கும் உடலிலேயே செத்துப்போவது). சின்னவிரலும் அதற்கடுத்ததுமாக இரண்டு விரல்கள் நிச்சயம் போகும். பாதம் மிஞ்சுமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவருமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துக் கேட்டார்.

“நோகேல்லையே,” என்றேன்.

“அதான் இவ்ளோ லேட்டா வந்திருக்கீங்க.”

மனைவி பேனாவை நீட்டினாள். மூடியைக் கழற்றாமலே அவள் நீட்டியதைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நோவு என் காலை விட்டு அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

விழித்ததும் போர்வையின் நுனியைப் பார்த்தேன். இரண்டு மேடுகள். என் கண்ணை நம்பாமல் அவளிடம் கேட்டேன்.

“இருக்கு. ரெண்டு காலும் இருக்கு. விரல் ரெண்டுதான் போச்சு,” என்றாள். போர்வையை இழுத்துவிட்டபடி, “உங்கட ஆள் முழங்கால் முறிஞ்சு விட்டிட்டாராம். இனி மல்லுக்கட்ட மாட்டாராம்,” என்றாள். எனக்காக அவள் தனியே இருந்து சுமோ பார்த்திருக்கிறாள்.

இப்போது ஒவ்வொரு காலையும் கைக்கண்ணாடி பிடித்து உள்ளங்கால்களைப் பார்க்கிறேன். கால் இருப்பது முன்பு தானாகத் தெரிந்தது. இப்போது பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். வலது காலில் இதுவரை ஒன்றுமில்லை. அடுத்த மாதத்தைப் பற்றி யாராவது பேசினால், நான் நாளைக் காலைக் கண்ணாடியைத் தாண்டி யோசிப்பதில்லை.

சில மாதங்களின் பின் பனிமலையின் விடைபெறும் சடங்கைக் காட்டினார்கள். அரங்கின் நடுவே உட்கார்ந்திருந்தார். ஒருவர் பின் ஒருவராக வந்து அவருடைய குடுமியில் ஒவ்வொரு இழை வெட்டினார்கள். கடைசியில் குரு வந்து முழுவதையும் அறுத்தெடுத்தார். முழங்கால் முறிந்தபோதும் மாறாத முகம் அப்போது உடைந்தது. நானும் அழுதேன். ஓர் உறுப்பை இழப்பது என்னவென்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும் என்றேன்.

மனைவி இன்சுலின் ஊசியை என் கையில் வைத்தாள்.

“அந்தாளுக்குத் தலைமயிர் திரும்ப வளரும்.”