அக்கரையில் விட்ட மஞ்சள் கடுவன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பத்தாவது படிக்கும்போது அந்தக் கோபத்தில் நைனாவிடம் நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

எல்லாம் ஒரு பூனையால். எங்கள் கோட்டைக்குப்பத்தில் மீன் திருடுகிற கடுவனைக் கொல்ல மாட்டார்கள், பாவம். கோணியில் போட்டுப் படகில் கொண்டுபோய், ஏரிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக்குளத்துக் கரையில் விட்டுவிடுவார்கள். தண்ணி தாண்டின பூனை திரும்பாது. அந்த ஊர்க்காரங்க மட்டும் லேசா? அவங்க திருடனை இங்கே கொண்டுவந்து விடுவாங்க. நான் வளர்த்த மஞ்சள் கடுவன் பக்கத்து வீட்டுக் கருவாட்டில் வாய் வைத்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நைனா கோணியைத் தூக்கிவிட்டார்.

ரெண்டு நாள் நான் சோறு தொடவில்லை. நைனா தேடிப் போய் வெறுங்கோணியோடு திரும்பினார். "கரையிலதாம்மா வுட்டேன். இப்போ காணோம்" என்றார்.

"பொய். நடு ஏரியிலயே போட்டுக் கொன்னுட்ட" என்றேன். அதற்கு அப்புறம் கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். தட்டில் சோறு வைப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காலேஜில் விலங்கியல் படித்தேன். ஊர் ஊராய்ப் போய்ப் பூனைகளின் நிறத்தை எண்ணி வரச் சொன்னார் மேடம். எந்த ஊர்ப் பூனை எந்த ஊரோடு கலந்திருக்கிறது என்று அதில் தெரியுமாம். மஞ்சள் கடுவன் தன் நிறத்தை மகள்களுக்கு மட்டும்தான் கொடுக்கும், மகன்களுக்குத் தராது. தாய் கறுப்பாக இருந்தால் மகள்கள் கறுப்பும் மஞ்சளும் கலந்து பிறக்கும். இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வீட்டு வாசலில் அப்படி ஒருத்தி படுத்திருந்தாள். வீட்டுக்கார அக்காவிடம் விசாரித்தேன்.

"தாய் கறுப்பும்மா. கூடப் பொறந்த பொட்டைங்க எல்லாம் இப்பிடித்தான், கடுவனுங்க கறுப்பு. அதுக்கு முன்னாடி இந்த ஊர்ல மஞ்சளே கெடையாது."

"இதுக்கு இன்னா வயசுக்கா?"

"மூணு முடிஞ்சிருக்கும்."

நோட்டை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்த அக்கா ஒன்றும் புரியாமல் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க.

வீட்டுக்குப் போனபோது நைனா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன மன்னிச்சுடு நைனா" என்றேன். இப்பவாவது நம்புறியா என்று கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்போ அது பொழச்சிருந்துச்சாம்மா?" என்றார்.

நாலு வருஷமாக அவருக்கும் அது செத்திருக்குமோ என்கிற பயம்தான் இருந்திருக்கிறது.