லீவு கேட்ட இங்கிலீஷ்

தூத்துக்குடித் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சியில், தினமும் காலைக் கூட்டத்தில் ஆளுக்கொரு புது இங்கிலீஷ் சொற்றொடர் ஒப்பிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் மற்றவர்கள் கைதட்ட வேண்டும். லீவைக்கூட இங்கிலீஷில் கேட்டால்தான் தருவான் அந்தப் பாவி மேனேஜர்.

புன்னைக்காயலில் அப்பா இறந்த அன்று காலை அவனுக்குப் போன் செய்தேன். "சார், எங்க அப்பா தவறிட்டாவ."

"இங்கிலீஷ்ல சொல்லும்மா. கூட்டத்துலதான் இருக்கோம், ஸ்பீக்கர்ல போடுதேன்."

பக்கத்து அறையில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கைச் சிந்திவிட்டு, "மை ஃபாதர் பாஸ்ட் அவே, சார்" என்றேன்.

"பாத்தியளா? செத்துட்டாருன்னு பச்சையாச் சொல்லாம எவ்வளவு நாசூக்காச் சொல்லுதா! எல்லாரும் கையத் தட்டுங்க."

தட்டினார்கள். நாசமாய்ப் போன பழக்கம், என் வாய் "தேங்க் யூ சார்" என்றது.