மாவிளக்குக்கு வைத்திருந்த வெல்லம்

குணசேகரன் எதற்கும் முதல் தடவையில் சரி சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றே காபியில் சர்க்கரை போதவில்லை என்று சபையில் சொன்ன மகானுபாவர். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த மனுஷனோடு முப்பத்தொரு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் சரசா. கள்ளிக்குப்பத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். புதிதாக முளைத்த அடுக்குமாடிகளில் இருக்கிற ஐ.டி. பிள்ளைகள் பாதிப் பேருக்குக் காலைப் பசி ஆறுவது அவள் கை மாவில்தான். ஊரிடம் கறாராகப் பேசுவாள்; வீட்டுக்குள் வந்தால் அவரிடம் தோற்றுப்போவாள்.

போன வருஷம் அவருடைய வலது கால் கட்டைவிரலில் புண் வந்து கறுத்துவிட்டது. சர்க்கரை வியாதி. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சரசா வேண்டிக்கொண்டாள்: "பெருமாளே, இந்த விரல் தப்பிச்சா அந்தக் காலாலயே நடக்க வெச்சு உன்கிட்ட இட்டுகினு வரேன். மலையடியில மாவிளக்கு போடறேன்." விரல் தப்பியது. ஆகவே இந்தப் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை விடிந்ததும், தெருக்கோடிப் பெருமாள் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, ஜெயராமன் வருஷா வருஷம் கூட்டிப்போகிற கோஷ்டியோடு இருவரும் திருப்பதிக்கு நடக்கத் தொடங்கினார்கள். வெறுங்காலோடுதான் வருவேன் என்று குணசேகரன் ஒரு வாரம் குதித்தார். அந்த ஒரு சண்டையில் மட்டும் சரசா ஜெயித்து, அவர் காலில் கான்வாஸ் ஷூவை மாட்டிவிட்டாள்.

அன்றைக்கு ஒருபொழுது. மதியம் திருநின்றவூரில் படையல் போட்டு, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அதுவரை பச்சைத் தண்ணீர். மாவிளக்குச் சாமான் சரசாவின் இடுப்பில் இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்த மாவு ஒரு பொட்டலம். உருண்டை வெல்லம் ஒரு பொட்டலம். இப்போதே பிசைந்தால் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்று தனித்தனியாகக் கட்டி, மஞ்சள் பைக்குள் வைத்து, புடவைக்குள் செருகியிருந்தாள். இடிக்கும்போதும் கட்டும்போதும் வாசனை கூடப் பிடிக்கவில்லை; சாமிக்கு வைத்ததை மூக்கு தொட்டாலும் எச்சில்தானே!

ஆவடி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மழையா அது? குடத்தோடு கவிழ்த்த மாதிரி கொட்டியது. செல்போன்கள் நனைந்துவிடும் என்று எல்லாவற்றையும் வாங்கி, சாமான் ஏற்றி வந்த குட்டி வேனில் போட்டார் ஜெயராமன். வேன் சமையலுக்காக முன்னால் போய்விட்டது. கோஷ்டியும் கோவிந்தா போட்டுக்கொண்டு வேகமெடுத்தது.

"நீங்க போங்கண்ணே, நாங்க மெள்ள வந்துர்றோம்" என்று சரசாதான் சொன்னாள். நன்றாகச் சொன்னாள், போ!

"இந்த மழைக்கு இன்னா கேடு? நம்ம தலைய பாத்துதான் பேயணுமா?" என்று குணசேகரன் திட்டியபடி வந்தார்.

"தலையில துண்ட போட்டுக்கோயா."

"முழுக்க நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு ஒண்ணுதான் கொறச்சலு!"

அவர் திட்டும்வரை சரசாவுக்குப் பயமில்லை. கவலை முழுக்க இடுப்பு மாவின் மேல்தான். பட்டாபிராமுக்கு முன்னால் ஒரு நீளமான மதில் வரும். எதிர்ப்பக்கம் ரயில் பாதை. நடுவில் கடை கண்ணி ஒன்றும் கிடையாது. அங்கே வந்தபோதுதான் பேச்சுச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள். திரும்பிப் பார்த்தால், நாலடி பின்னால் தள்ளாடியபடி வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் நின்னுட்டு போலாமாயா?"

"சரி."

சரசாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடித்தது. அவர் முகத்தையே பார்த்தபடி, வேண்டுமென்றே கேட்டாள்: "பேசாம ஊட்டுக்கே திரும்பிடலாமா?"

"சரி."

அடி ஆத்தே! வேண்டுதலைப் பாதியில் விட்டுத் திரும்பலாமா என்றால், அதற்கும் சரி சொல்கிறவர் அவள் புருஷனே இல்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பஸ் நிழற்குடையின் கல் பெஞ்சில் உட்காரவைத்தாள். முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி முத்து முத்தாக நீர் அரும்பியது. மேலே கூரை, சாரல் கூட உள்ளே வரவில்லை. இது மழை இல்லை, வியர்வை. வந்த வழியெல்லாம் இந்த மனுஷன் வியர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மழையில் அது தெரியவே இல்லை.

"மாத்தர போட்டியாயா காலைல?"

"ஒரு... நாளும்... உடக்கூடாதுன்னு டாக்டரு..." நாக்கு குழறியது.

போட்டிருக்கிறார். சாப்பாடு இல்லாத நாளில் மாத்திரை எதற்கு, போட மாட்டார் என்று இவள் நினைத்தாள். தொழிற்பேட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஒரு ஷிப்டுக்கும் பிந்தாத ஃபிட்டர் அவர். மாத்திரைக்கும் அதே கணக்கு. ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. இதைவிடக் கொடுமை, அவசரத்துக்கு என்று எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடக்கிற ஆரஞ்சு மிட்டாய்களை, விரத நாளில் திருட்டுத்தனமாக வாயில் போட்டுக்கொள்வார் என்று, விடியற்காலையில் எடுத்து அலமாரியில் வைத்தவளும் சரசாவேதான்.

"பாவி நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். கையை ஆட்டினாள். ஒரு கார் சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது. லாரி ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கியது. மஞ்சள் புடவையில் நடுரோட்டில் நின்று கத்துகிறவளுக்கு அருள் வந்திருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ! திரும்பிப் பார்த்தாள். குணசேகரனின் தலை மார்பில் சாய்ந்திருந்தது.

"வேர்த்து, பேச்சு குழறினா, முழிப்பு இருக்கும்போதே சீனியோ வெல்லமோ வாயில போடுங்கம்மா. தாமதிச்சா ஆள் கைக்கு வராது." டாக்டர் சொன்னது அது. வெல்லம்.

கை இடுப்புக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். "பெருமாளே, கோவிச்சுக்கினா என்மேல கோவிச்சுக்கோ" என்று பையைக் கிழித்தாள். வெல்ல உருண்டை கல்லாக இருந்தது. உடைக்க எதுவும் இல்லை. வாசனை கூடப் பிடிக்காமல் காத்து வந்ததை வாயில் போட்டுக் கடைவாயால் கடித்து நொறுக்கினாள். அந்த எச்சில் துண்டை அவர் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்தாள்.

"முழுங்குயா. என் ராசா, முழுங்குயா!"

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு துண்டு. இன்னொன்று. எதிரே மின்சார ரயில் ஒன்று போயிற்று. அவர் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டாள். "பேசுயா, எதுனா திட்டுயா" என்று உலுக்கினாள். இரண்டாவது ரயில் போயிற்று. கண்ணைத் திறந்து எங்கோ பார்த்தார். மூன்றாவது ரயில் போகும்போது அவர் பார்வை அவள் கையில் இருந்த கிழிந்த மஞ்சள் பைமேல் வந்து நின்றது.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

சரசா அடுத்த துண்டை நீட்டினாள்.

"சாமிக்கு வெச்சதாச்சேடி அது! அறிவுகீதா உனக்கு? கடிச்சு வேற வெச்சிகீற!"

சரசா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறாள். இப்படி ஒரு திட்டு காதுக்குக் குளிர்ச்சியாக என்றைக்கும் விழுந்ததில்லை.

"வெல்லம் போற வழியெல்லாம் கடையில விக்கும்" என்றாள் விக்கலுக்கு நடுவே. "உன்ன எந்தக் கடையில போய் வாங்குவேன்?"

அவர் கிழிந்த பையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மிச்ச வெல்லத்தைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மழை தூறலாகிவிட்டது.

"ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு போலாம்."

"முடியாது. நடப்போம்."

"இன்னிக்கு நடக்க உடமாட்டேன். காட்டிட்டு, உடம்பு தேறினாதான் மேல நடை."

"அதெல்லாம் முடியாதுன்றேன்ல?"

"வேண்டிக்கினது நானு. பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அழுது வீங்கிய முகத்தில் வெல்லப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தது.

"சரிடி."

சரசா பதறி எழுந்து அவர் பிடரியில் கைவைத்துப் பார்த்தாள். வியர்க்கவில்லை.