ஐந்தருவியில் சுரங்கத் தொப்பி

அருவியில் தொப்பி போட்டுக் குளித்தவன் என்று குற்றாலத்தில் யாராவது என்னைச் சொன்னால், மறுக்க எனக்கு வாயில்லை. புத்தி கெட்டுச் செய்யவில்லை, கல்யாணத்துக்காகச் செய்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது வேறு விஷயம்.

வடக்கே நிலக்கரிப் பிரதேசத்தில் சர்க்கார் நடத்திய சின்னக் கல்லூரியில் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். இன்று அது பல்கலைக்கழகமாகி, வியாபாரக் கணக்கு வரை சொல்லித் தருகிறதாம். அன்று சுரங்கம் ஒன்றுதான் பாடம். வகுப்புச் சுவரிலும் கரித்தூள், சோற்றிலும் கரித்தூள்.

லீவில் தென்காசிக்கு வந்தபோது கடையத்தில் பெண் பார்த்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் என்று அண்ணி விசாரித்துச் சொன்னாள். பெண்ணின் அப்பாவுக்குத்தான் மனசு துணியவில்லை. தாயில்லாத ஒரே மகள். சாரலுக்குக் குளிக்க வந்தவர், ஐந்தருவியில் வைத்து என்னைக் கேட்டார்:

"மலை தலையில விழுந்துட்டா எம்மவ கதி என்ன தம்பி?"

பெருமைக்காகக் கையோடு கொண்டுபோயிருந்த, கல்லூரியில் கொடுத்த சுரங்கத் தொப்பியைக் காட்டினேன். அழுத்திய அட்டையில் அரக்குப் பூசியது. கல் விழுந்தால் தாங்கும் என்றேன்.

"கல்லு சரி. நான் மலையல்லா கேக்கேன்."

மலைக்கு இன்னும் பாடம் நடத்தியிருக்கவில்லை. ஆகவே தொப்பியை மாட்டி, வாரைத் தாடையில் இறுக்கிக்கொண்டு அருவிக்குள் போய் நின்றேன். எண்ணெய் வழிய நின்றவர்கள், ஏதோ வேண்டுதல் போல என்று வழிவிட்டார்கள். தண்ணீர் விழுந்த வேகத்தில் தொப்பி மூக்கு வரை இறங்கிவிட்டது. நனைந்த வார் அவிழ மறுத்தது. ஒரே இருட்டு.

சுரங்கத்தில் விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: பதறாதே, ஒரு பக்கச் சுவரை விடாமல் தடவிக்கொண்டே நட. பாறையைத் தடவினேன். பதறவேயில்லை. பெண்கள் குளிக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

"ஏலே, இங்கன எங்கலே வாரே?" என்று ஓர் ஆச்சி கேட்டது தொப்பிக்குள்ளும் தெளிவாக விழுந்தது. ஈரத் துண்டால் நாலு சாத்து சாத்தி, கையைப் பிடித்து இழுத்துவந்து வெளியே விட்டாள். விட்ட இடம் பெண்ணின் அப்பா முன்னால். அவர் பேனாக்கத்தியால் வாரை அறுத்து என்னை விடுவித்தார். தொப்பியை என் கையில் திணித்துவிட்டு நடையைக் கட்டினார். சம்பந்தம் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

மறுவாரமே வெற்றிலை பாக்கு மாற்ற ஆள் அனுப்பினார். என் துணிச்சலைக் கண்டு மயங்கிவிட்டார் என்று கல்யாணம் முடியும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். மாமனார் தன்னிடம் சொன்னதை அண்ணன் பிறகுதான் என்னிடம் சொன்னார்:

"அவன எந்தத் தொரையும் குழிக்குள்ள எறக்க மாட்டாம் வே. பொண்ணத் தைரியமாக் குடுக்கலாம்."