காவ்யாவை வாசிக்கவைத்த வல்லுநர்கள்

பல் இருக்கிறது என்பதற்காக யாரும் பல் வைத்தியம் பார்க்கக் கிளம்புவதில்லை. ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவும் தனக்குத் தெரியும் என்றே நம்புகிறார். என் தொழிலின் கஷ்டம் முழுவதும் அவ்வளவுதான். இதே தொழிலில் இருப்பவர்களும், வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பெற்றவர்களும் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

டெல்லி மந்திர் மார்க் பக்கம் எட்டாவது வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் பல வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் நான். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று டெல்லிக்கு வந்தேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்; நான்தான் திரும்பிப் போகவில்லை. தெற்கு டெல்லியில் ஒரு தனியார் பள்ளியில், மாடிப்படிக்கு அடியில், பழைய ஹாக்கி மட்டைகளை ஓரம் தள்ளி எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். பியூனிலிருந்து பிரின்சிபால் வரை எல்லோருக்கும் நான் ‘ரீடிங்வாலே சார்’. அவர்கள் இந்தியில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

காவ்யா ஐந்தாம் வகுப்பு. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே இந்தி, இரண்டிலும் வாய் ஓயாது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமை. மார்ச்சுக்குள் வாசிக்காவிட்டால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்வது ‘குழந்தைக்கு நல்லது’ என்று பிரின்சிபால் மேடம் அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்புறம்தான் வல்லுநர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

தண்ணீர் தாகம்

இங்கிலீஷ் வகுப்பில் பெஞ்ச் வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வேண்டும். நம்மில் பலர் இப்படித்தான் வாசித்தோம், இப்படித்தான் வேர்த்தோம். தன் முறை நெருங்கும்போது காவ்யா கையைத் தூக்குவாள். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும். திரும்பி வரும்போது அவள் பத்தி அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கும். இவ்வளவு தண்ணீர் குடிக்கும் பெண்ணுக்குச் சர்க்கரை இருக்குமோ என்று கிளாஸ் டீச்சர் பயமுறுத்த, பெற்றோர் பிள்ளையை லேபுக்கு அழைத்துப்போய் ரத்தம் எடுத்துவிட்டார்கள்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். முன்னால் எத்தனை பேர், ஒவ்வொருவர் எவ்வளவு வேகம், குழாய்க்குப் போய்வர எவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் டீச்சர் கடைசியிலிருந்து தொடங்கினார். கணக்கு உடனே மாறியது, கை சரியான நேரத்தில் மேலே போனது. தாகம் வாசிப்பைக் கண்டுதான் வருகிறது என்று டீச்சரிடம் விளக்கினேன். அவர் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். “எல்லாம் நார்மல், சார் ஜி. அப்படியென்றால் வெறும் திமிர்தான்.”

கிட்வாய் நகர் சிகிச்சை

காவ்யாவின் அப்பா ராமசுப்பு மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்வாசி. நல்ல மனிதர், அதனால்தான் இவ்வளவு சேதம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வல்லாரைக் கீரை வாங்கிவந்து தினமும் துவையல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பாடத்தைப் பார்த்துப் பார்த்து எழுதும் இம்போஸிஷன். அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று காவ்யாவிடம் கேட்டேன். கோலத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதுபோல் என்னைப் பார்த்தாள்.

“பாத்தீயளா? வல்லாரை குடுத்தாச்சு, ட்யூஷன் வச்சாச்சு, கண்ணு டெஸ்ட்டும் பண்ணியாச்சு. வாசிக்க மாட்டுக்கா” என்றார். நீங்கள் என்றைக்காவது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கதை வாசித்துக் காட்டியதுண்டா என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் அசட்டுத்தனத்தை மன்னிக்கிறவர்போலச் சிரித்தார். “நான் எதுக்கு சார் வாசிக்கணுங்கேன்? எனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே.”

தோல்வியே கிடையாது

குர்கானிலிருந்து ஒரு தம்பி வந்தான், தமிழ்ப்பையன், பளபளப்பான ஷூ. குழந்தைகளை வாசிக்கவைக்கும் ஆப் ஒன்றைப் பள்ளிக்கு விற்றிருந்தான். திரையில் ஒரு சொல் வரும், கீழே நாலு படம், சரியானதைத் தொட்டால் ஒரு கிளி பறந்து நட்சத்திரம் போடும். கொஞ்ச நாளில் காவ்யாதான் பள்ளியிலேயே முதலிடம். அசெம்பிளியில் கைதட்டல். அவள் அப்பா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

என் அறையில் காவ்யாவைத் தனியாக அந்த ஆப்பை ஆடிக் காட்டச் சொன்னேன். அவள் சொல்லின் பக்கம் திரும்பக்கூட இல்லை. சடசடவென்று தப்புப் படங்களைத் தொட்டாள். கிளிக்குப் பாவமாகப் போய், அதுவே சரியான படத்தைக் காட்டிக்கொடுத்து, முயற்சிக்கு என்று ஒரு நட்சத்திரமும் போட்டது. “ஜல்தி ஜல்தி தொட்டா நெறைய வரும் சார்” என்று ரகசியமாகச் சொன்னாள். தம்பியைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். அவன் முகம் மலர்ந்தது. “அங்கிள், அதுதான் எங்க பெஸ்ட் ஃபீச்சரே. எங்க ஆப்ல எந்தக் குழந்தையும் ஃபெயில் ஆக முடியாது.”

தாண்டித் தாண்டி

அடுத்து ஒரு பயிற்சிப் பட்டறை. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், உடம்பால் கற்பவர் என்று குழந்தைகளை மூன்று கூடையில் பிரித்தார்கள். காவ்யா நாற்காலியில் நெளிந்தாள் என்பதால் உடம்புக் கூடை. டிசம்பர்ப் பனிமூட்டத்தில், நாங்களெல்லாம் புகைக்குப் பயந்து மாஸ்க் போட்டு நிற்க, முற்றத்தில் சாக்பீஸால் எழுத்துகளை எழுதி அவளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டச் சொன்னார்கள். எழுத்து வாசிக்க வராத பிள்ளைக்கு எழுத்தின் மேல் குதித்தால் பாதம் வழியாக ஏறிவிடும் என்பது தத்துவம். பாதம் வழியாக ஏறியது ஜலதோஷம்தான்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர் மட்டும் அந்தப் பட்டறையில் எதையோ கற்றுக்கொண்டார். என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். “சார் ஜி, பெண்ணுக்கு லாங் ஜம்ப் நன்றாக வரும்போல. எழுத்துகளை இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடச் சொல்கிறீர்களா?”

என் வித்தை

நான் செய்ததில் பார்க்க ஒன்றுமே இல்லை. எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்வது, ஒலிகளைச் சேர்ப்பது, சேர்த்ததைப் பிரிப்பது, மறந்தால் முகம் சுளிக்காமல் முதலிலிருந்து. படங்களைக் கையால் மூடிவிடுவேன். குதிரைப் படத்தைப் பார்த்துக் குதிரை என்பதற்குப் பெயர் வாசிப்பல்ல. தமிழில் எழுத்து சொன்ன பேச்சைக் கேட்கும். ஆங்கிலத்தில் அதே எழுத்து இடத்துக்கு இடம் குரலை மாற்றும். ஒன்பதாம் வகுப்பில் அந்தத் துரோகத்தை நேரில் அனுபவித்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. குளிர் குறைந்தபோது காவ்யா சின்னச் சொற்களைத் தானே உடைத்துச் சேர்க்க ஆரம்பித்திருந்தாள். ஒரு சொல்லுக்கு மூச்சு வாங்கும், ஆனால் ஊகம் கிடையாது.

மேடம் ஒருநாள் பாடத்தைப் பார்க்க வந்து, மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். கிளியில்லை, குதியில்லை, ஒரு பெண் ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எழுந்து புடவையைச் சரிசெய்தபடி கேட்டார். “நல்லது சார் ஜி. பாடம் எப்போது ஆரம்பிக்கும்?”

மேடத்தின் அறையில்

மார்ச் வந்தது. மேடம் மேஜைக்கு அந்தப் பக்கம். ராமசுப்புவும் காவ்யாவும் நானும் இந்தப் பக்கம். பியூன் எல்லோருக்கும் தண்ணீர் வைத்தான். முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் ஆறாம் வகுப்பின் வேகத்துக்கு இது போதாது என்றார் மேடம். தயாராகிவிட்டாள், சாதாரணமாகப் பாடம் நடத்தினாலே கூடவே வந்துவிடுவாள் என்று நான் சொன்னேன். ராமசுப்பு மேஜைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆபீஸில் எத்தனையோ பேர் அவர் முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போது ஒரு முணுமுணுப்புக் கேட்டது. மேடத்தின் தலைக்குப் பின்னால், சுவர் நிறைய ஒரு போர்டு, அதில் பித்தளை எழுத்தில் பள்ளியின் வாசகம்: ஒவ்வொரு குழந்தையும் தன் நேரத்தில் மலரும், ஆங்கிலத்தில். காவ்யா அதை உடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை, படம் எதுவும் இல்லை. “ப்... ப்ளூ... ப்ளூம்...” அவள் உதடு காய்ந்திருந்தது. முன்னால் இருந்த தண்ணீரை அவள் தொடவில்லை. கடைசிச் சொல்வரை போய் நின்றாள்.

“வெரி குட், பேட்டா” என்றார் மேடம். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “ஆனால் பார்த்தீர்கள் அல்லவா, எவ்வளவு நேரம் எடுக்கிறது.” அதோடு முடிந்தது. டி.சி.யை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.

வராந்தாவில் ராமசுப்பு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாசிச்சாள்லா சார். எம்மவ வாசிச்சாள்லா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா, கூட நானும் உட்காருதேன் என்றார். வருகிறேன் என்றேன். காவ்யா மூடிய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, புதுக் கணக்கு ஒன்று போட்டு முடித்தவள்போல என்னிடம் கேட்டாள். “சார், மேடம் உக்காந்திருக்க சைடுலருந்து பாத்தா அந்த போர்டு தெரியாதுல்லா?”

உங்களுக்குத் தெரிந்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் யாராவது இருந்தால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் என் அறைக்கு அனுப்பி வையுங்கள், வயது வரம்பு கிடையாது, பிரின்சிபாலாக இருந்தாலும் பரவாயில்லை.