பதினோரு சிவப்பு டிக்

என் அப்பா சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் ராக்கெட் வெடி செய்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். ராக்கெட்டை விட்டுப் பார்க்கும்போது, "நட்டக்குத்தலுக்கு எம்புட்டுச் சாயுது?" என்றுதான் அங்கே கேட்பார்கள். நிமிர்ந்து நிற்பதிலிருந்து சாய்வை அளப்பதே எனக்குத் தெரிந்த முறை.

பிளஸ் ஒன்னில் வெக்டர் பாடத்துக்கும் அந்தப் பழக்கத்தோடுதான் போனேன். டீச்சர் வரைந்த படத்தில் கோணம் தரையிலிருந்து தொடங்கியதை நான் கவனிக்கவே இல்லை. இருபது நியூட்டன் விசை, முப்பது டிகிரி. கிடைத்தளக் கூறு பத்து, செங்குத்துக் கூறு பதினேழு புள்ளி மூன்று என்று போட்டேன். எண்கள் சரி, இடம்தான் மாறியிருந்தது. எல்லாக் கணக்கிலும் அப்படியே.

எங்கள் வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு லீடர் உண்டு. அவள்தான் மற்றவர்கள் நோட்டைத் திருத்துவாள். டீச்சர் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் பெஞ்சு லீடர் என் தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

"கூறு எல்லாம் சரியா இருக்காடி?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரிதான், போ," என்று சிவப்பு மையில் டிக் போட்டாள். அதற்குமேல் நான் புத்தகத்தைப் புரட்டவில்லை.

முழுப் பரீட்சையில் இயற்பியலில் முதலாவதாக வருகிறவளுக்குக் கோடை லீவு முழுக்க விருதுநகரில் இலவச வகுப்பு. பள்ளிக்கு ஒரே இடம். மற்றவர்களுக்கு வீட்டில் பசை வாளியும், வெடிக்குழாய் சுருட்டுகிற வேலையும். அந்த இடத்துக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்குகூட நேர்ந்திருந்தேன்.

கூறுகளைக் கண்டுபிடித்து எது பெரிது என்று ஒப்பிடச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி வந்தது. செங்குத்துக் கூறே பெரிது என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். அந்தக் கணக்குக்கு மட்டும் சுழி. என் பெஞ்சு லீடருக்கு ஐந்தும் கிடைத்தது, விருதுநகர் இடமும் கிடைத்தது.

சைக்கிள் ஷெட்டில் அவள் முன்னால் நோட்டை விரித்தேன். "இது தப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள். "மொத நாளே தெரியும்."

"பெறகு ஏம்டி டிக் போட்ட?"

"சொல்லிருந்தா நீ போயிருப்ப. எங்க வீட்லயும் பசை வாளிதான இருக்கு."

கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்; அன்றுதான் பார்த்தேன். பாவம், அவள் நிலைமை அப்படி என்று பிற்பாடு சிலர் சமாதானம் சொன்னார்கள். என் நிலைமையும் அதேதான். அதே பரீட்சைக்கு முந்தின வாரம் வேதியியலில் அவள் போட்ட தப்பை நான் அவளுக்குச் சொன்னேன்.

லீவில் குழாய் சுருட்டக் காகிதம் பத்தவில்லை. அம்மா பழைய நோட்டுகளைக் கேட்டாள். இயற்பியல் நோட்டை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். வெக்டர் பாடத்தில் பதினோரு டிக் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் நானே தப்புக் குறி போட்டேன். பிறகு தாளைக் கிழித்து, பசை தடவி, சுருட்ட ஆரம்பித்தேன்.