கடைசிப் பக்கத்து நன்றி

லண்டனின் தெற்கே சட்டனில், ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த சபாநாதன் அச்சகத்தில் சபாநாதன் ஒரு தாளும் அச்சடித்ததில்லை. காலையில் வருவார், வருகிறவர்களோடு நாட்டு நிலவரம் பேசுவார், மத்தியானம் போய்விடுவார். தமிழ் எழுத்து அடித்ததும் மெஷின் ஓட்டியதும் மை படிந்த கையோடு பார்சல் கட்டியதும் மனைவி தவநாயகிதான். ஒன்பது வருஷமாகக் கலியாணக் கார்டும் செத்தவீட்டு நினைவு மலரும் அவள் கையால்தான் போயின.

தொண்ணூற்றைந்தில் சபாநாதன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவருக்கும் நினைவு மலர் வேண்டும். அவருடைய தம்பி கனகலிங்கம் அதற்கானதை எழுதிக்கொண்டு வந்தார்.

"அண்ணி, வெளியிலை குடுத்தால் பிழை விடுவாங்கள். நீங்களே அடிச்சுத் தாங்கோ. ஏலும்தானே?"

"ஓம், வைச்சிட்டுப் போங்கோ."

'தனியொருவராய் நின்று அச்சகத்தை வளர்த்தெடுத்தவர்' என்றிருந்தது. அடித்தாள். 'இரவு பகலாய் மையோடும் தாளோடும் உழைத்தவர்.' அதையும் ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தாள். ஆம்பிளைப் பெயர் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று போர்டில் அவர் பெயரை எழுதுவித்தவளே அவள்தான். இனி யாரிடம் போய் முறையிடுவது?

கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் நன்றி சொல்லியிருந்தார்கள். கிரியை செய்த ஐயருக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு, சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு. எல்லாருக்கும் கீழே, 'இம்மலரை அழகுற அச்சிட்டுத் தந்த சபாநாதன் அச்சகத்தாருக்கும் எமது நன்றிகள்.'

அந்த ஒரு வரியைத் தவநாயகி அடிக்கவில்லை.